சேலத்து முள், ஏற்காட்டுக் கல்: சைக்கிளை டியூப்லெஸ் ஆக்குவது எப்படி?

சேலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கீழே முள், மேலே கல். ஏரிக்கரை, மண் பாதை, தரிசு என்று எங்கே இறங்கினாலும் சீமைக்கருவேல முள் கிடக்கும். மழைக்குப் பிறகு நெருஞ்சி படர்ந்து காய்த்துவிட்டால், ஒரே வழியில் இரண்டு டயரும் இறங்கிவிடும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போய்ச் சேர்ந்தால் வேறு கதை. தார்ச்சாலையை விட்டுக் காப்பித் தோட்டப் பாதையில் திரும்பியதுமே கூரான கற்கள் தலைதூக்கி நிற்கும். வேகமாக அதன்மேல் ஏறினால் டயர் நசுங்கி, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதைத் தவிர்க்க நிறையக் காற்று வைத்தால் கை மரத்துப்போகிறது, ஈர இலைமேல் சக்கரம் வழுக்குகிறது.

இந்த இரண்டுக்கும் டியூப்லெஸ் ஒன்றே போதும். டியூப் இல்லாததால் நசுங்குவதற்கு எதுவும் இல்லை. பயப்படாமல் காற்றைக் குறைத்து ஓட்டலாம். முள் குத்தினால், டயருக்குள் நாம் ஊற்றி வைத்திருக்கும் சீலன்ட் என்ற ரப்பர் பால் அந்த ஓட்டைக்கு வந்து, வெளிக்காற்று பட்டதும் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். பல நேரம் முள் ஏறியதே நமக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போது ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தெரியும்.

ஆனாலும் மாற்றிய முதல் வாரத்திலேயே வெறுத்துப்போய்ப் பழையபடி டியூபைப் போட்டுக்கொண்டவர்கள் நிறைய. தரையெல்லாம் பால், கையெல்லாம் பிசுபிசுப்பு, காலையில் பார்த்தால் டயரில் காற்றில்லை. இந்தத் தொல்லையில் பெரும்பங்கு ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: ரிம்மின் உட்பக்கத்தில் ஸ்போக் துளைகளை மூடி ஒட்டும் ரிம் டேப். காற்றை அடைத்து வைப்பது டேப்பின் வேலை, முள் ஓட்டையை மூடுவது பாலின் வேலை. டேப் செய்ய வேண்டியதைப் பால் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து ஆரம்பித்தால், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் நிற்காது. அதனால் இந்தக் கட்டுரையில் டேப்புக்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன்.

உங்கள் சக்கரம் இதற்குத் தோதானதா?

முதலில் ஒரு டயரைக் கழற்றி ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஸ்போக் முனைகளின் தலை நேராக டயர் பக்கமே வந்து நிற்கிறது, நடுவில் இரண்டாவது சுவர் எதுவும் இல்லை என்றால் அது ஒற்றைச் சுவர் ரிம். நம் ஊர்ப் பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களின் இரும்பு ரிம் எல்லாம் இந்த வகை. அதில் டியூப்லெஸ் வேண்டாம், டியூபே நல்லது.

இரட்டைச் சுவர் அலாய் ரிம் என்றால் ஸ்டிக்கரிலோ உட்பக்கத்திலோ ‘டியூப்லெஸ் ரெடி’ என்று எழுதியிருக்கிறதா எனத் தேடுங்கள். ‘டிஎல்ஆர்’ என்றும் சுருக்கி எழுதுவார்கள். அப்படிப்பட்ட ரிம்மை விரலால் தடவினால் நடுவில் ஒரு பள்ளம், அதன் இருபுறமும் தட்டையான திண்டு, திண்டின் விளிம்பில் லேசான ஒரு மேடு தட்டுப்படும். டயரின் பீடு, அதாவது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் தடித்த விளிம்பு, அந்த மேட்டைத் தாண்டித் திண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் சுலபத்தில் கீழே இறங்காது. அந்த மேடுதான் நமக்குப் பாதுகாப்பு.

டயரும் டியூப்லெஸ் ரெடியாகத்தான் இருக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். சாதாரண டயரின் பீடு டியூப்லெஸ் வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. அழுத்தத்தில் இளகி ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். வீட்டு வாசலில் கழன்றால் பரவாயில்லை. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, பக்கத்தில் பஸ் திரும்பிக்கொண்டிருக்கும் வளைவில் முன் டயர் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய ரோடு டயர்களில் காற்றழுத்தம் அதிகம் என்பதால் அங்கே ஆபத்தும் அதிகம். பீடைப் பிடிக்கும் உட்கொக்கி இல்லாத (ஹூக்லெஸ்) புதுவகை ரிம் என்றால் இன்னொரு எல்லையும் உண்டு: 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்று வைக்கக் கூடாது.

டயர் அளவை ஓரத்தில் எழுதியிருக்கும் மூன்று இலக்க எண்ணை வைத்துப் பாருங்கள். 622 என்றால் 29 இன்ச், 700சி இரண்டுக்கும் பொருந்தும்; 584 என்றால் 27.5, 559 என்றால் 26. டயரிலும் ரிம்மிலும் இந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

டியூப்லெஸ் டேப், டியூப்லெஸ் வால்வு இரண்டு, லேடக்ஸ் சீலன்ட், வால்வு பின் கழற்றும் சிறு சாவி. மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அல்லது சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு பாட்டிலும். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கும்.

டேப்பின் அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். ரிம்மின் உள் அகலம் 25 என்றால் டேப் 27 அல்லது 28. பள்ளத்துக்குள் இறங்கி ஏறுவதற்கே கொஞ்சம் அகலம் போய்விடும். கடையில் கிடைத்ததைப் போதும் என்று வாங்கிவிட்டால், ஓரத்தில் மயிரிழை இடைவெளி விட்டுப்போய் அங்கேதான் காற்று கசியும். எலக்ட்ரிக்கல் வேலைக்கான கறுப்பு இன்சுலேஷன் டேப்பை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சேலத்து வெயிலில் அதன் பசை இளகி டேப் நகர்ந்துவிடும்.

வால்வு வாங்கும்முன் ரிம் துளையைப் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளை ஆறரை மில்லிமீட்டர், பைக் வால்வு போன்ற ஷ்ரேடருக்கு எட்டரை. இரண்டிலும் டியூப்லெஸ் வால்வு கிடைக்கிறது. எதை வாங்கினாலும் பின்னைத் தனியாகக் கழற்றக்கூடியதாக வாங்குங்கள்.

சீலன்டில் ஒரு எச்சரிக்கை. பைக், கார் டயருக்கென்று விற்கும் கெட்டியான ஜெல்லைச் சைக்கிளில் ஊற்ற வேண்டாம். சைக்கிள் டயரின் பக்கச் சுவர் மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகளுக்குள் போய் அடைப்பதற்குப் பால் போல ஓடும் லேடக்ஸ்தான் சரி. ஜெல் அந்த மெல்லிய வால்வையும் அடைத்துக்கொள்ளும்.

டேப் ஒட்டுதல்

1999-ல் மாவிக், மிஷலின், ஹட்சின்சன் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து மலைச் சைக்கிளுக்கு யூஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தபோது, அந்த ரிம்களில் டயர் பக்கம் ஸ்போக் துளையே கிடையாது. டேப்புக்கு வேலையும் இல்லை. இன்று நாம் வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் 28 அல்லது 32 துளைகள் திறந்தே இருக்கின்றன. அத்தனையும் காற்று வெளியேறும் வழிகள். அவற்றை மூடும் ஒரே மூடி, கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத இந்த டேப்.

பழைய ரப்பர் பட்டையையோ துணிப்பட்டையையோ எடுத்துவிடுங்கள். ரிம்மை முதலில் சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பழைய பசை ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி துடையுங்கள். அதன்பின் உட்பக்கத்தில் கை படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெயே டேப்பைப் பிடிக்கவிடாது. சித்திரை, வைகாசியில் இந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. வியர்வை ஒரு சொட்டு ரிம்மில் விழுந்தால் மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

வால்வு துளைக்கு அரைச் சாண் முன்னால் டேப்பின் முனையை வைத்து அழுத்துங்கள். சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்தபடி மறுகையின் கட்டைவிரலால் நடுப்பள்ளத்தில் அழுத்திக்கொண்டே போங்கள். எவ்வளவு இழுப்பது என்று கேட்பார்கள். டேப் லேசாக நீண்டு, பள்ளத்தின் வளைவுக்குத் தானாக இறங்கும் அளவுக்கு. இழுவை தளர்ந்த இடத்தில் டேப் பள்ளத்தின்மேல் பாலம் போட்டதுபோல நிற்கும். காற்று ஏறியதும் அந்த இடம் கீழே இறங்கும், ஓரம் மேலே தூக்கும், கசிவு ஆரம்பிக்கும்.

ஒரு ஜாண் ஒட்டியதும் நிறுத்தி, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். டேப் வழியாக ஸ்போக் துளையின் வட்டம் தெளிவாகத் தெரிந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் தேய்த்து ஓரமாக வெளியேற்றுங்கள். சுருக்கம் விழுந்தால் அதை மட்டும் சரிசெய்யப் பார்க்காமல் அங்கிருந்து உரித்து மறுபடி ஒட்டுங்கள். சுற்றி வந்து வால்வு துளையைத் தாண்டி அரைச் சாண் போய் வெட்டுங்கள். துளையின்மேல் இப்போது இரண்டு அடுக்கு இருக்கும். மலைச் சைக்கிளுக்கு ஒரு சுற்று போதும். காற்று அதிகம் வைக்கும் ரோடு சைக்கிளுக்கு இரண்டு சுற்று.

அடுத்த படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். டேப்பின்மேல் பழைய டியூபைப் போட்டு, டயரை மாட்டி, ஒரு ராத்திரி முழுக்கக் காற்று வைத்து விடுங்கள். இதற்கு வால்வுக்காக டேப்பில் துளை வேண்டும். பிளேடால் கீறினால் கிழிசல் ஓடும். கோணி ஊசியின் முனையை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, துளையின் நடுவில் குத்துங்கள். டேப் உருகி, ஓரம் மழமழவென்று வட்டமாக நிற்கும். வால்வைவிடத் துளை கொஞ்சம் சிறியதாக இருந்தால் போதும். வால்வே அதை விரித்துக்கொண்டு இறங்கும். ராத்திரி முழுவதும் டியூப் டேப்பை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தி ஒட்டிவிடும். நம் கட்டைவிரலால் அது முடியாது.

காலையில் காற்றை இறக்கி, ஒரு பக்கப் பீடை மட்டும் கழற்றி டியூபை உருவிவிடுங்கள். மறுபக்கப் பீடு ஏறின இடத்திலேயே இருக்கட்டும். இதில் இன்னொரு லாபம்: இனி ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றினால் போதும்.

வால்வும் டயரும்

வால்வின் ரப்பர் அடிப்பகுதியில் ஒரு சொட்டு சீலன்ட் தடவி உள்ளிருந்து துளையில் செருகி, வெளியிலிருந்து திருகு மறையைக் கையால் இறுக்குங்கள். பிளையர் வேண்டாம். வழியில் டியூப் போட வேண்டி வந்தால் இதைக் கையாலேயே கழற்ற வேண்டியிருக்கும்.

டயரை மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் பீடு பள்ளத்துக்குள் இறங்க முடியாது. மற்ற இடமெல்லாம் பள்ளத்தில் இறங்கியிருந்தால்தான் கடைசித் துண்டு உள்ளே வரத் தளர்வு கிடைக்கும். வரவில்லை என்றால் டயர் நெம்பும் லிவரை எடுக்காமல், எதிர்ப்பக்கத்திலிருந்து இரு கையாலும் டயரைக் கசக்கிப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள். லிவரை எடுத்தே தீர வேண்டும் என்றால் பிளாஸ்டிக்கில், நுனி டேப்பில் படாமல்.

காற்று ஏற்றுவது

சோப்பு நீரை இரண்டு ஓரத்திலும் தாராளமாகத் தடவுங்கள். வால்வு பின்னைக் கழற்றிவிட்டால் காற்று தடையில்லாமல் ஒரே வீச்சில் உள்ளே போகும். பீடு ஏறுவதற்கு அழுத்தத்தைவிட அந்த வீச்சுதான் முக்கியம். ஒரு பக்கம் ஏற்கெனவே ஏறியிருந்தால் வீட்டிலுள்ள நல்ல தரை பம்பிலேயே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் பஞ்சர் கடைக்குத்தான் போக வேண்டும். போகும்முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஸ்டாவுக்குப் போடும் பித்தளை அடாப்டர், கழற்றி எடுக்கும் பின்னின் மேல் மறையில்தான் மாட்டும். பின் இல்லாத வெறும் குழாயில் மாட்டாது. அதனால் கடையில் தூசி ஊதும் கன் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் முனையை வால்வுக் குழாயில் வைத்து அழுத்தினால் போதும். “அண்ணா, சைக்கிள் டயருங்க, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, நான் சொன்னா நிறுத்திடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லாரி டயருக்குக் காற்று ஏற்றுகிற கம்ப்ரஸர் அது. டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தில் எது குறைவோ, அதைத் தாண்டவே கூடாது. முகத்தைச் சக்கரத்துக்கு நேராக வைக்காதீர்கள்.

டப், டப் என்று இரண்டு மூன்று சத்தம் கேட்கும். பீடு மேட்டைத் தாண்டித் திண்டில் ஏறும் சத்தம் அது. வெடிக்கப்போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அந்தக் கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஒரு இடத்தில் கோடு உள்ளே மறைந்திருந்தால், காற்றைக் குறைத்து அங்கே சோப்பு நீர் விட்டு, டயரை இழுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

இந்த நிலையில் சீலன்ட் இல்லாமலே பின்னைப் போட்டுக் காற்று வைத்துப் பாருங்கள். அரை மணி நேரமாவது தாக்குப்பிடித்தால் டேப் சரி. டயர் சுவர் வழியாக மெதுவாக இறங்குவது இயல்புதான், பால் அதை அடைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நிமிடத்தில் புஸ்ஸென்று போய்விட்டால் பாட்டிலைத் திறக்காதீர்கள். எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

எங்கே கசிகிறது?

பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி, பிரஷ்ஷால் தடவிப் பாருங்கள். டயர் சுவரில் பொடிப்பொடியாக நுரை வந்தால் கவலையில்லை. டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் குமிழி வந்தால் பீடு சரியாக ஏறவில்லை, அல்லது அழுக்கு மாட்டியிருக்கிறது. வால்வு அடியில் வந்தால் டேப் துளை பெரிதாகிவிட்டது, அல்லது ரப்பர் அடிப்பாகத்தின் வடிவம் உங்கள் ரிம்முக்குப் பொருந்தவில்லை. ஸ்போக் முனையிலோ ரிம்மின் ஒட்டுப்போட்ட இடத்திலோ குமிழி வந்தால், காற்று டேப்பைத் தாண்டி ரிம்மின் உட்கூட்டுக்குள் போய்விட்டது என்று பொருள். குமிழி வந்த அந்த ஸ்போக்குக்கு நேரே மேலேதான் டேப் கிழிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். கூட்டுக்குள் போன காற்று சுற்றிவந்து எந்த வழி சுலபமோ அதில் வெளியேறும். முழு டேப்பையும் உரித்து மறுபடி ஒட்டுவதுதான் வழி. ஒரு மணி நேர வேலைதான், ஆனால் மாதக்கணக்கில் நிம்மதி.

பால் ஊற்றுவது

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில் படிந்து கிடக்கும். குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் நீர்ப்பகுதிதான் டயருக்குள் போகும். பின்னைக் கழற்றி, வால்வைக் கடிகாரத்தின் நான்கு மணி நிலையில் வைத்து, சிரிஞ்சால் உள்ளே விடுங்கள். 29 இன்ச், 2.25 இன்ச் அகல டயருக்கு 100 மில்லி அளவில், 700சி-யில் 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு 60 மில்லி, மெல்லிய ரோடு டயருக்கு 30 முதல் 40 மில்லி. கீழே பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள், நல்ல சட்டை போட்டுக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். துணியில் காய்ந்த லேடக்ஸ் போகாது. பல சீலன்டில் அமோனியா நெடி இருக்கும், திறந்த இடத்தில் செய்யுங்கள்.

பின்னைப் போட்டுக் காற்று ஏற்றியதும் சக்கரத்தைச் சுற்றுங்கள், குலுக்குங்கள், பிறகு ஒரு பக்கெட்மேல் படுக்க வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். அப்புறம் தெருவில் ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். பால் எல்லா இடத்துக்கும் பரவ அதைவிட நல்ல வழி இல்லை. முதல் இரண்டு நாளும் காற்று கொஞ்சம் இறங்கும், ஏற்றிக்கொண்டே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போவதென்றால் புதன்கிழமைக்குள் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு காற்று?

70 கிலோ எடையுள்ளவர் 2.25 அகல டயரில் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். கல்லில் ரிம் தட்டினால் இரண்டு கூட்டுங்கள், துள்ளினால் ஒன்று குறையுங்கள். ரொம்பவும் குறைத்தால் கொண்டை ஊசி வளைவில் சாய்ந்து திரும்பும்போது பீடு ஒரு நொடி விலகி, ‘பக்’ என்று காற்றைத் துப்பும். தார்ச்சாலையில் வேகமாக இறங்குகிற நாளில் அந்த அளவுக்குப் போகாதீர்கள்.

மேலே போனால் காற்றழுத்தம் மாறுமே, இறக்கிவிட வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்றழுத்த மானியில் சுமார் 2 பிஎஸ்ஐ கூடும். மேலே பத்து டிகிரி குளிர்ச்சி என்றால் அதனால் ஒரு பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல் குறையும். மிஞ்சுவது ஒன்றுக்கும் குறைவு. கீழே வைத்ததை அப்படியே விடுங்கள்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிள் என்றால், இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள். ரிம் சூடானால் டேப்பின் பசைக்கும் நல்லதில்லை. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். டிஸ்க் பிரேக்கில் ரிம்முக்கு இந்தத் தொல்லை இல்லை.

பராமரிப்பும் பையில் இருக்க வேண்டியதும்

பால் காயும். குளிர் நாடுகளில் ஆறு மாதம் வரை தாங்குகிற சீலன்ட் நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மாதத்திலேயே ரப்பர் தோலாக மாறிவிடும். சைக்கிளை மொட்டை மாடியிலோ வெயில் விழும் வாசலிலோ நிறுத்துகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் தளக் தளக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பின்னைக் கழற்றிப் பாதி அளவு ஊற்றுங்கள். பின் அடைபட்டிருந்தால் காய்ந்த பாலை ஊசியால் நோண்டி எடுத்துவிடலாம்; கூடுதலாக இரண்டு பின் வாங்கி வைத்துக்கொள்வது சுலபம்.

ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் கிழிந்தால் பால் மட்டும் போதாது. பைக் டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் கடையில் செருகுவார்களே, அதே மாதிரி சைக்கிளுக்கென்று மெல்லிய ஸ்ட்ரிப் இருக்கிறது. ஓட்டையில் செருகி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிக் காற்று ஏற்றினால் பாலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். முள் குத்தி நிற்பதைப் பார்த்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். காற்று போகவில்லை என்றால் அப்படியே வீடு வந்து சேருங்கள்.

பம்பு, ஸ்ட்ரிப், வால்வு சாவி, இவற்றோடு ஒரு டியூபும் பையில் இருக்கட்டும். ஏற்காட்டைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் நீண்ட தூரத்துக்குக் கடையே வராது. டயர் சுவர் கல்லில் கிழிந்துவிட்டால் அந்த டியூப்தான் கைகொடுக்கும். அதைப் போடும்முன் டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு, டயரின் உட்பக்கம் முழுவதையும் ஒரு துணியை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலைவிடத் துணி நல்லது, முள் இருந்தால் நூல் மாட்டிக் காட்டிக்கொடுக்கும். இத்தனை நாளும் பால் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருந்த முட்கள் எல்லாம் முனையை உள்ளே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, கிழிசல் இருக்கும் இடத்தில் மடித்த பிஸ்கட் கவரை உள்ளே வைத்து, அதன்மேல் டியூபைப் போட்டுக் காற்று ஏற்றுங்கள். அடிவாரம் வரை மெதுவாக இறங்கி வந்துவிடலாம்.